ஈசிஜியைப் பகிரலாமா, ரீல்ஸில் பேசலாமா? இதயநோய் மருத்துவர்களுக்குச் சில தெளிவுகள்

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதயநோய் மருத்துவராக அண்மையில் பணியில் சேர்ந்தேன். எக்ஸ் தளத்தில் சக மருத்துவர்கள் ஈசிஜி, ஆஞ்சியோகிராம் படங்களை வெளியிட்டு விவாதிக்கிறார்கள். நிர்வாகம் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடச் சொல்கிறது. முன்பின் தெரியாதவர்கள் இன்பாக்ஸில் ரிப்போர்ட்டை அனுப்பி மருந்து கேட்கிறார்கள். இவற்றில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: நோயைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்; உங்கள் நோயாளியைப் பற்றியும் உங்கள் கைத்திறனைப் பற்றியும் பேசுவதில்தான் சிக்கல் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மக்கள் நலம் சார்ந்து மருத்துவர் தம் பெயரில் எழுதவும் பேசவும் இடம் தருகின்றன. நோயாளிகளைத் தம்மிடம் இழுக்கும் விளம்பரத்தைத் தடை செய்கின்றன. அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகளில் சமூக ஊடகத்துக்கென்றே வழிகாட்டுதல்கள் இருந்தன. அந்த விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, பழைய விதிகளே தொடர்ந்தன. ஆயினும் நிறுத்திவைக்கப்பட்ட அந்தப் புதிய விதிகளைத் தேடிப் படியுங்கள். காசு கொடுத்து லைக் வாங்குவது, நோயாளியின் பாராட்டுரையை வெளியிடுவது, சிகிச்சைக் காணொளிகளைப் பகிர்வது ஆகியவை கூடாது என்று அவை சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

முதலில் ஈசிஜி. அந்தத் தாளின் மேல் ஓரத்தில் பெயர், வயது, பதிவு எண், தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருக்கும். ஆஞ்சியோ காணொளியிலும் எக்கோ படத்திலும் திரையின் மூலையில் இதே விவரங்கள் நிற்கும். பெயரை மட்டும் விரலால் மறைத்துப் படம் எடுப்பவர்கள் தேதியையும் நேரத்தையும் விட்டுவிடுகிறார்கள். 'இன்று அதிகாலை வந்த 28 வயது இளைஞர்' என்று மேலே ஒரு வரியும் எழுதிவிட்டால், அவருடைய தெருவில் இருப்பவர்களுக்கு வேறு அடையாளம் தேவையில்லை. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடக்கூடாது என்பது விதி. என் ஆலோசனை இன்னும் கண்டிப்பானது: எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள், சில மாதங்கள் கழித்து வெளியிடுங்கள், பாடத்துக்குத் தேவைப்படாத வயதையும் ஊரையும் நீக்கிவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ சிறு மருத்துவமனையிலிருந்தோ வாட்ஸ்அப்பில் ஈசிஜி அனுப்பி உங்கள் கருத்தைக் கேட்பது வேறு விஷயம். அது சிகிச்சையின் ஒரு பகுதி. நேரம் மிச்சமாகி உயிர் காக்கும். ஆனால் அந்தப் படங்கள் தானாகவே கேலரியில் சேர்ந்து, பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே கிடப்பதைப் பல மருத்துவர்களின் போனில் பார்க்கிறேன். தானாகச் சேமிக்கும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள்.

பொதுமக்களுக்காகப் பேசுவதற்கு வருவோம். உங்கள் உழைப்பு அதிகம் தேவைப்படும் இடம் அதுதான். 2017இல் வெளியான ஆர்பிட்டா ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். உழைக்கும்போது மட்டும் நெஞ்சுவலி வரும், நிலையான நோயுள்ள 200 பேரில் ஒரு பகுதியினருக்கு, அடைபட்ட இதய ரத்தக்குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்டை வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஸ்டென்ட் வைக்காமல், வைத்தது போன்ற நடைமுறையை மட்டும் செய்தார்கள். ஆறு வாரம் கழித்து, எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்ய முடிகிறது என்பதில் இரு குழுவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இத்தகைய ஆய்வு 'ஸ்டென்ட் வீண்' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிக் குடும்பக் குழுக்களில் சுற்றினால், மாரடைப்போடு வந்தவரின் உறவினர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயங்குவார். அந்த ஆய்வு மாரடைப்பு நோயாளிகளைப் பற்றியதே அல்ல என்பதை இரண்டு நிமிடத் தமிழ்க் காணொளியில் உங்களால் விளக்க முடியும். நெஞ்சுவலி வந்தால் தொடர்ந்து பலமாக இருமினால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற பழைய பார்வர்டுக்கும் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும்: அதற்கு ஆதாரம் இல்லை, உடனே 108ஐ அழையுங்கள். தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் மாத்திரையின் அளவைக் காணொளியில் சொல்லாதீர்கள். நெஞ்செரிச்சலுக்கும் அதையே வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

பிரபலம் ஒருவர் திடீரென இறந்தால் தொலைக்காட்சிகளும் யூடியூப் சேனல்களும் உங்களைத் தேடும். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபரில் 46 வயதில் மறைந்தபோது, உடற்பயிற்சிக் கூடம்தான் காரணம் என்று பேச்சுப் பரவியது. பெங்களூருவில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் கூடியது. நீங்கள் பரிசோதிக்காத ஒருவரின் மரணத்துக்குக் காரணம் சொல்லாதீர்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் யார் என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்.

இன்பாக்ஸ் கேள்விகளுக்கு ஒரே பதிலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: 'இங்கே சிகிச்சை ஆலோசனை தர இயலாது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றவற்றுக்கு நேரில் வாருங்கள், அல்லது முன்பதிவு செய்து தொலைமருத்துவ ஆலோசனை பெறுங்கள்.' தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்கள் நோயாளியின் அடையாளத்தை அறிதல், ஒப்புதல், பதிவேடு ஆகியவற்றைக் கோருகின்றன. அவை எதுவும் இல்லாமல் நீங்கள் தட்டச்சு செய்யும் ஒரு மருந்துப் பெயர், முகம் தெரியாதவருக்கு எழுதிய மருந்துச் சீட்டாகிவிடும்.

நிர்வாகம் கேட்கும் ரீல்ஸுக்கு மறுக்க வேண்டியதில்லை. உங்கள் முகமோ பெயரோ வரும் எதையும் நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிட வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். 'தமிழகத்தின் தலைசிறந்த', 'நூறு சதவீத வெற்றி' போன்ற சொற்களை நீக்கச் சொல்லுங்கள். ஆஞ்சியோ, ஸ்டென்ட் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் படுத்திருக்கும் நோயாளி பின்னணியில்கூடத் தெரியக்கூடாது. ஸ்டென்ட் அல்லது மருந்து நிறுவனத்திடம் நீங்கள் பணமோ பயணச் செலவோ பெற்றிருந்தால், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பதிவிலேயே அதைத் தெரிவித்துவிடுங்கள். நாளை புகார் எழுந்தால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம் விளம்பரப் பிரிவுக்கு வராது. பதிவு எண் வைத்திருக்கும் உங்களுக்குத்தான் வரும்.