கிட்டங்கி கிடைத்துவிட்டது, பணத்துக்கு என்ன வழி?

வாசகர் கேள்வி: ஐயா, தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உள்ள கடற்கரை ஊர் எங்களுடையது. பதினான்கு பேர் சேர்ந்து நாடகக் குழு நடத்துகிறோம். பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் ஆசிரியர்கள், மற்றவர்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். ஒத்திகை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில்தான். உறவினர் ஒருவர் பூட்டிக் கிடக்கும் பழைய கருவாட்டுக் கிட்டங்கியைத் தருகிறேன் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். அரசு மானியமும் உண்டாமே? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கிட்டங்கியின் மாதச் செலவை ஊர்தான் தாங்க வேண்டும். மானியமும் வெளியூர்ப் பணமும் புது நாடகம் போடுவதற்கு மட்டும். இந்த இரண்டையும் கலந்துவிட்ட குழுக்கள்தான் நல்ல நாடகம் போட்ட மறு வருடமே வாடகை கட்ட முடியாமல் சாமான்களை ஆளுக்கொரு வீட்டில் போட்டுவிட்டுக் கலைந்துபோகின்றன. மானியம் வரும் தேதி நம் கையில் இல்லை. கரண்ட் பில் வரும் தேதி மாறாது.

ஊர் எப்படித் தாங்கும் என்று மலைக்க வேண்டாம். நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் விடிய விடிய நடந்தது அரசுப் பணத்தில் அல்ல, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியில்தான். நாடகத்துக்குக் காசு கொடுப்பது நம் ஊர்களுக்குப் புதிதில்லை. வருடத்துக்கு ஓர் இரவு கொடுத்ததை மாதாமாதம் கொடுங்கள் என்று கேட்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். நாற்பது குடும்பம் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் வருடத்துக்கு 48,000 ரூபாய். சொந்தக்காரரின் கிட்டங்கிக்கு வாடகை, மின்சாரம், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எப்போது போகிறீர்கள் என்பது முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் காசு புரளாத நேரம் அது. அப்போது யாரிடமும் கேட்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். தடைக்காலத்தை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுக்குப் போகிற உங்கள் ஆட்கள் தொடர்ச்சியாக ஊரில் இருக்கும் நாட்கள் அவைதான்.

சரி, கிட்டங்கிக்கு வருவோம். உறவினர்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிட வேண்டாம். நாளை அவர் பிள்ளைகள் வந்து சாவி கேட்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதனால்தான் எல்லோரும் 11 மாத அக்ரிமென்ட் போடுகிறார்கள். உங்களுக்கு நான் சொல்வது, செலவானாலும் ஐந்து ஆண்டுக்குப் போட்டுப் பதிந்துவிடுங்கள். இடம் கொடுப்பவருக்கு உள்ள பயம் ஒன்றே ஒன்று: காலி பண்ண மாட்டார்களோ என்பது. மூன்று மாத முன்னறிவிப்பில் காலி செய்வோம், உள்வாடகைக்கு விடமாட்டோம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு, கூரையோ தரையோ உங்கள் செலவில் சரிசெய்தால் அதை வாடகையில் கழித்துக்கொள்வதாக அவரிடம் எழுதி வாங்குங்கள். இடத்தை இலவசமாகக் கொடுத்தால் அவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான் அந்தச் சலுகை. மின் இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் வேறு வேலை நடத்தினால் அபராதம் போடுவார்கள்.

கருவாட்டுக் கிட்டங்கிச் சுவர் வருடக்கணக்கில் உப்பைக் குடித்திருக்கும். விரலால் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி உதிரும். வாசனையை மறைக்கிறேன் என்று அதன்மேல் சிமெண்ட் பூசி விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று, கொஞ்ச நாளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். உதிர்வதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். வருடம் ஒருமுறை மறுபடி அடித்தால் போதும். குரல் பயிற்சி செய்பவர்களுக்கு அந்தப் பொடி தொண்டையில் இறங்குவது நல்லதல்ல, அதனால் இந்த வேலையை முதல் ஒத்திகைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெறும் சுவர் எதிரொலிக்கும். கோணிச்சாக்கு, பழைய ஜமுக்காளம், பந்தல்காரர் கழித்துப் போட்ட கனத்த துணி, எது கிடைத்தாலும் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் வசனம் தெளிவாகக் கேட்கும்.

விளக்கு வாங்கும்போது, பார் (PAR) என்று சொல்லும் பழைய மேடை விளக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். அதில் பெரியது ஒன்றே 1000 வாட் இழுக்கும். வீட்டில் உள்ள 5 ஆம்ப் பிளக் தாங்குவது மொத்தம் 1150 வாட்தான். அதே பிளக்கில் எல்இடி பார் ஐந்தாறு ஓடும். இரும்புக் கூடு கடல்காற்றில் துருப்பிடித்துவிடும், அலுமினியக் கூடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து வேலை சீக்கிரம் முடியும். ஆனாலும் உங்கள் குழுவுக்குச் சங்கம்தான் பொருந்தும் என்பது என் கருத்து. தேர்தல், பொதுக்குழு, தீர்மானம் என்று எல்லோருக்கும் பிடி இருக்கும். ஒரே ஆள் குழுவைத் தன் வீட்டுச் சொத்தாக ஆக்கிவிட முடியாது. வருடாவருடம் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்வதை மட்டும் மறக்கக் கூடாது. பதிந்து பேனா மையின் ஈரம் காய்வதற்குள் பான் அட்டை, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, தொண்டு அமைப்புகளைப் பதியும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் ஓர் எண், அப்புறம் நம்மவர்கள் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகள். லாப நோக்கமில்லை என்றால் நடிகருக்குச் சம்பளமே தரக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மிச்சப்படும் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். செய்த வேலைக்கு நியாயமான கூலி கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு மேடை ஏறுகிறவருக்குப் படியாவது கொடுக்கப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் மிகவும் கவனம் வேண்டும், நம் கடற்கரையில் இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். துபாயிலோ சவூதியிலோ வேலை பார்க்கும் உங்கள் ஊர்க்காரர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகலை ரசீதோடு சேர்த்து வையுங்கள். ஆனால் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர், அவர் உங்கள் சொந்தத் தாய்மாமாவாகவே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவரிடம் வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டு செயல்பாடும் அந்தக் காலத்தில் 15 லட்சம் செலவும் காட்டச் சொல்வார்கள். புதுக் குழுவுக்கு அது எட்டாது. தம்பி கணக்கில் போட்டுவிட்டு அங்கிருந்து சங்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். அந்த வழியில் போகவே வேண்டாம், குழுவையே மூடும்படி ஆகிவிடும். மாமா ஊருக்கு வரும்போது டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காரட்டும்.

மானியத்தைப் பொறுத்தவரை, சென்னையில் உள்ள தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் புது நாடகத் தயாரிப்புக்கு உதவுகிறது. மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் நிகழ்ச்சி, தயாரிப்பு உதவித் திட்டத்தில் பொதுவாக 5 லட்சம் வரை கேட்கலாம். 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் உங்கள் மாணவர்களில் ஏற்கனவே ஒரு குருவிடம் பயின்றவர் இருந்தால், மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு இளம் கலைஞர் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கட்டும். நிகழ்ச்சி வாய்ப்புக்குத் தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்துக்கு எழுதுங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இப்போதைக்கு உங்களுக்கு இல்லை, மூன்று ஆண்டு வரலாறு கேட்பார்கள். எங்கே விண்ணப்பித்தாலும் தணிக்கை செய்த கணக்கு, நிகழ்ச்சிப் படங்கள், பத்திரிகைச் செய்தி, இடத்தின் ஒப்பந்தம் ஆகியவற்றைத்தான் புரட்டுவார்கள். அதனால் இன்றைக்கே ஒரு ஃபைல் போட்டு, டீச்செலவு ரசீது உட்பட எல்லாவற்றையும் அதில் சேருங்கள். மானியம் தவணையாகத்தான் வரும், கணக்கு ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை. மானியம் மொத்தமும் கைக்கு வந்துவிடும் என்று நம்பி வட்டிக்கு வாங்கி நாடகம் போடக் கூடாது.

கிட்டங்கியில் ஒத்திகை நடக்கும், ஆனால் ஊரே உட்கார்ந்து பார்க்க இடம் போதாது. அதற்கு மீன் ஏலக்கூடத்தைக் கேளுங்கள். விடியற்காலை ஏலம் முடிந்து கழுவிவிட்டால் சாயங்காலம் சும்மாதான் கிடக்கிறது. பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம் பக்கத்தில் இருந்தால் தாசில்தார் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அடுத்த மணி நேரத்தில் காலி செய்வோம் என்று மனுவிலேயே எழுதுங்கள். உங்கள் ஊர் கிராம ஊராட்சி என்றால் சமுதாயக் கூடத்தைக் குறைந்த வாடகையில் மாதம் இரண்டு நாள் தரும்படி கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. உங்களுக்குத் தோதானது மார்ச் 22. மனுவை ஒரு வாரம் முன்பே தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் எழுந்து பேச ஆசிரியரை அனுப்பாதீர்கள், கடலுக்குப் போகிற நடிகர் ஒருவர் பேசட்டும். ஒலிபெருக்கி வைப்பதற்குக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் அதற்கு விதி இடம் தராது என்பதால், நாடகத்தை ஏழரைக்கே தொடங்கிவிடுங்கள்.