லூயிசியா வாடுகிறதா? தண்ணீரை நிறுத்துங்கள்

கேள்வி: பூவோடு வாங்கிய லூயிசியா செடி இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது இலைகள் சுருங்கிவிட்டன. தண்ணீரைக் கூட்டியும் தேறவில்லை. அடி இலையைத் தொட்டால் கையோடு வருகிறது. காப்பாற்ற முடியுமா?

பதில்: இலை சுருங்கினால் தாகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம்தான். ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால், நீரை உறிஞ்ச வேர் இல்லை என்று பொருள். உங்களுடையது இரண்டாவது வகை.

கடைகளில் அதிகம் கிடைக்கும் லூயிசியா கோட்டிலெடன், அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தெற்கும் கலிபோர்னியாவின் வடக்கும் சேரும் சிஸ்கியூ மலைப் பகுதிச் செடி. செங்குத்துப் பாறையின் இடுக்கில் பக்கவாட்டாக நீட்டிக்கொண்டு வளரும். எவ்வளவு மழை பெய்தாலும் இலைக்கொத்தின் நடுவில் நீர் தங்காது. தடித்த வேர் மட்டும் கல்லிடுக்கின் குளிர்ச்சியில் இருக்கும். நாமோ அதைத் தொட்டியில் நிமிர்த்தி நட்டு, தலையில் ஊற்றுகிறோம். வேரும் இலைக்கொத்தும் சேரும் கழுத்து அழுகாமல் என்ன செய்யும்?

இந்த இனத்துக்கு வறட்சி பெரிய பயமில்லை. இதன் உறவான லூயிசியா ரெடிவிவாவை அமெரிக்க ஆய்வுப்பயணி மெரிவெதர் லூயிஸ் 1806-இல் சேகரித்துக் காயவைத்துக் கொண்டுபோனார். பல மாதம் கழித்து பிலடெல்பியாவில் நட்டபோது அந்தக் காய்ந்த வேர் துளிர்த்தது. 'ரெடிவிவா' என்றால் மீண்டும் உயிர்பெற்றது.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் ஒட்டியுள்ள பஞ்சு போன்ற நர்சரி மண்ணை உதறுங்கள். கழுத்தைச் சுத்தமான கத்தியால் சீவுங்கள். பழுப்பு நிறம் போய் வெளிறிய, கெட்டியான சதை தெரியும்வரை சீவ வேண்டும். அடி முழுக்கக் கூழாகியிருந்தால் தாய்ச் செடியை விட்டுவிடுங்கள். பக்கக் கன்று இருந்தால் அதை வெட்டியெடுத்தால் போதும். வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, லேசான ஈரமுள்ள பருமணலில் ஊன்றுங்கள்.

மறுபடி நடும்போது கலவையில் பாதிக்குமேல் சரளையும் பெர்லைட்டும் (நீர் தேங்காமலிருக்கக் கலக்கும் லேசான வெள்ளைத் துகள்) இருக்கட்டும். கழுத்தை மண் தொடக்கூடாது. சுற்றிலும் இரண்டு விரல் கனத்துக்குச் சரளை போடுங்கள். தொட்டியைச் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. கல் அடுக்கிய சுவரின் இடுக்கு கிடைத்தால் அதைவிடப் பொருத்தமான இடம் இதற்கு இல்லை. காலை வெயில் போதும். அப்புறம், தண்ணீரை ஓரமாக மட்டும் விடுங்கள். பூத்து முடிந்ததும் நன்றாகக் குறைத்துவிடுங்கள். இரவிலும் புழுங்கும் ஊராக இருந்தால், இத்தனையும் செய்தாலும் இது நெடுநாள் நிற்பது கடினம்.