வான்வழிக் கடிதம் ஏன் 2 மாதம் தாமதமானது?

உங்கள் தாத்தா 1940 செப்டம்பரில் மெட்ராஸிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஏர்மெயில் உறையில், சேர்ந்த முத்திரை நவம்பர் என்று இருக்கிறது, போலியோ என்று கேட்டிருக்கிறீர்கள். தேதியை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். அந்த வருஷத்துக்கு அது இயல்பான தாமதம்தான்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. அதோடு மத்தியதரைக் கடல் வழியாக லண்டன் போன விமானப் பாதை அடைபட்டது. ஜூன் 19 முதல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கெய்ரோ, கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் வழியாக சிட்னி வரை ஒரு மாற்றுப் பாதை ஓடியது. வரைபடத்தில் பார்த்தால் குதிரை லாடம் மாதிரி இருக்கும், பெயரும் அதுதான்.

உங்கள் கடிதம் மெட்ராஸிலிருந்து கராச்சிக்கு டாட்டா விமானத்தில் போயிருக்கும் (1932லேயே தொடங்கிய சேவை). அங்கிருந்து பறக்கும் படகில் (தண்ணீரில் இறங்கி ஏறும் விமானம்) கெய்ரோ, கார்ட்டூம், கிசுமு வழியாக டர்பன். அப்புறம்? கப்பல்தான்! நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நீர்மூழ்கிகளுக்குப் பயந்து, கான்வாயோடு (போர்க்கப்பல் காவலில் கூட்டமாகப் போகும் கப்பல்கள்) ஊர்ந்து போக வாரக்கணக்கில் ஆகும். ஏர்மெயில் கட்டணம் வாங்கிக்கொண்டு பாதி வழி கடலில் அனுப்பியிருக்கிறார்கள், பாவம் தாத்தா.

உறையின் ஓரத்தில் 'பி.சி. 90' என்று அச்சிட்ட காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியது. அழுக்காக இருக்கிறதே என்று உரித்துவிடாதீர்கள், தண்ணீரிலும் நனைக்காதீர்கள். உள்ளே கடிதம் இருந்தால் உறையோடு சேர்த்தே வையுங்கள்.