எழுதிக் கொடுத்த மார்ஃபினைப் போடாமல் நிறுத்தலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இரவுப் பணி செய்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த 74 வயது தமிழ் அம்மா ஒருவருக்கு, நான்கு மணிக்கொரு முறை வலியைக் குறைக்கும் மார்ஃபின் ஊசியை 10 மி.கி. தசையில் போடச் சொல்லி எழுதியிருந்தார்கள். இரவு 2 மணிக்கு மூச்சு நிமிடத்துக்கு 9 தான். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. துணைக்கு இருந்த மகள், "அம்மா முனகுறாங்க, ஊசியைப் போடுங்க சிஸ்டர்" என்றார். போனில் மருத்துவரும் "எழுதியபடி போடுங்க" என்றார். நான் போடவில்லை. காலையில் திட்டு விழுந்தது. நான் செய்தது சரியா? — சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: போடாதது சரி. ஆனால் ஊசியை நிறுத்தியதோடு உங்கள் வேலை முடியவில்லை.

மார்ஃபின் கூடிப்போனால் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். பேச்சின் நடுவே தூங்கிவிழுவதே எச்சரிக்கை. மூச்சை எண்ணும்போது எழுப்பாமல், வயிற்றின் மேல் லேசாகக் கைவைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எழுப்பிவிட்டால் மூச்சு கூடிவிடும், எண்ணிக்கை ஏமாற்றும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியையும் நம்பி இருக்காதீர்கள். ஆக்சிஜன் ஓடும்போது அது 97 காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும்.

அடுத்து, குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பையைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மி.லி.க்குக் கீழே போனால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது மார்ஃபினின் வீரியமுள்ள கழிவுப்பொருள் வெளியேறாமல் உடம்பில் சேரும். இந்த வயதில் 10 மி.கி. பெரிய அளவு. 2.5 முதல் 5 மி.கி.யில் தொடங்குவதே வழக்கம். தூக்க மாத்திரை எதுவும் கொடுத்திருக்கிறதா என்றும் மருந்துத் தாளில் பாருங்கள்.

மருத்துவரிடம் "கொடுக்கலாமா?" என்று கேட்டால் "கொடுங்க" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லுங்கள்: "74 வயது, மூச்சு 9, பேசும்போதே தூங்கிவிழுகிறார், கடைசி மார்ஃபின் 10 மணிக்கு. இந்த டோஸை நிறுத்தியிருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும், அளவையும் மாற்றித் தர வேண்டும்." அப்போதும் மறுத்தால் பொறுப்பு சிஸ்டரிடமும் அவருக்கு மேலுள்ள மருத்துவரிடமும் போங்கள். மூச்சு 8-க்குக் கீழே போனாலோ, தட்டியும் எழாவிட்டாலோ அவசர அழைப்பு கொடுத்து, தலையைப் பின்சாய்த்து மூச்சு வழியைத் திறந்து, பையும் முகமூடியும் வைத்து மூச்சூட்டுங்கள். மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் மருந்தின் 0.4 மி.கி. ஆம்பூலை (சிறு கண்ணாடிக் குப்பி) 10 மி.லி. சலைனில் கலந்து, வார்டு விதிமுறைப்படி 1 மி.லி. வீதம் இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் செலுத்துவார்கள். மொத்தமாகச் செலுத்தினால் வலி முழுவதும் ஒரேயடியாகத் திரும்பும், ரத்த அழுத்தமும் எகிறும். நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடமே, மார்ஃபின் அதற்குப் பிறகும் இருக்கும். அதனால் நோயாளி தெளிந்துவிட்டாரே என்று நகர்ந்துவிடாதீர்கள்.

வலியை மறந்துவிடக் கூடாது. இது எளிதில் தவறிப்போகும். அந்த அம்மாவிடமே தமிழில் கேளுங்கள்: "எங்க வலிக்குது, அசைஞ்சா கூடுதா?" மகள் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முனகல் நிறைந்த சிறுநீர்ப்பையாலும் வரும், மனக்குழப்பத்தாலும் வரும். நோயாளிக்குப் புரியும் மொழியில் அவர் நிலையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டமும் சொல்கிறது. முழுதாக விழித்து விழுங்க முடிந்தால் பாராசிட்டமால் மாத்திரையாகவும், இல்லையென்றால் ரத்தக்குழாய் வழியாகவும் கேளுங்கள். எடை 50 கிலோவுக்குக் குறைவானால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி.க்கு மேல் வேண்டாம். இடுப்பு வலிக்கு நரம்பை மரக்கவைக்கும் ஊசி போட முடியுமா என்று மயக்கவியல் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மகளிடம், "ஊசி மறுக்கலம்மா, மூச்சு மட்டாகுது, வேற வழியில வலியைக் குறைக்கிறோம்" என்று சொல்லுங்கள்.

தவறான மருந்து கொடுப்பதும், தேவையான பராமரிப்பைக் கொடுக்காமல் விடுவதும் இரண்டுமே செவிலியர் கவுன்சிலின் விதிகளின்படி உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். ஆகவே குறிப்பேட்டில் நேரம், மூச்சு, விழிப்பு நிலை, யாரிடம் பேசினீர்கள், அவர் சொன்ன சொற்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். "மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. மார்ஃபின் ஆம்பூலை உடைத்துவிட்டிருந்தால் சாட்சி ஒருவர் முன்னிலையில் அழித்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள்.