அவர் அனுப்பிய பொடியன்களின் படத்தைப் பார்த்தோம், அது போதாதா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். 24 வயது மகனுக்கு ருமேனியாவில் பண்டகசாலை வேலை எடுத்துத் தருவதாக வெள்ளவத்தையில் ஒருவர் சொல்கிறார். என் மைத்துனருக்குத் தெரிந்தவர். 18 இலட்சம் கேட்டார், 5 இலட்சம் கொடுத்துவிட்டோம். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். ஏற்கெனவே அனுப்பிய பொடியன்கள் வேலைத்தலத்தில் நிற்கும் படங்களைக் காட்டினார். இரண்டு பேருடன் வீடியோவில் பேசினோம், நல்ல மாதிரிச் சொன்னார்கள். முதலில் விசிட் வீசாவில் போய், அங்கே வேலை வீசாவாக மாற்றலாமாம். மிச்சக் காசை வெள்ளிக்கிழமைக்குள் கட்டவேண்டும், நகையை அடகு வைக்கப் போகிறோம். மகள் மட்டும் “நீங்கள் யோசிக்கிற முறையே பிழை” என்று சண்டை பிடிக்கிறாள். நன்றாக விசாரித்துத்தானே செய்கிறோம்?

பதில்: ஐயா, நகை அலுமாரியிலேயே இருக்கட்டும். மகள் சொல்வது சரி.

விசாரிக்காமல் இறங்கினீர்கள் என்று சொல்லமாட்டேன். விசாரித்தீர்கள். ஆனால் யாரிடம்? அவரே தந்த இரண்டு நம்பரிடம். போய்ச் சேர்ந்தவனைப் பிடித்து “போய்ச் சேர்ந்தாயா தம்பி?” என்று கேட்டால் அவன் வேறென்ன சொல்வான்?

1960இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சின்னச் சோதனை செய்தார். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பாருங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று நான் சொல்கிறேன், விதி பிடிபட்டதும் சொல்லுங்கள் என்றார். வந்தவர்கள் 8, 10, 12 என்றார்கள். பொருந்துகிறது. 20, 22, 24. அதுவும் பொருந்துகிறது. உடனே “இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்” என்று பலர் அடித்துச் சொன்னார்கள். விதி அதுவல்ல. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்தும், அவ்வளவுதான். 1, 2, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தம் எண்ணம் பிழையாகக்கூடிய இடத்தில் கைவைத்துப் பார்க்கப் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றவில்லை.

உங்கள் இரண்டு வீடியோ அழைப்பும் 8, 10, 12தான். 1, 2, 50 எதுவென்றால், அவரிடம் காசு கட்டிவிட்டு இன்னும் கொழும்பிலேயே இருக்கும் ஒருவன். அவனுடைய நம்பரை நீங்கள் கேட்கவில்லை, அவரும் தரமாட்டார்.

படங்களும் அப்படித்தான். 20 பேரிடம் காசு வாங்கி 20 பேரையும் அனுப்பியிருந்தாலும் அவருடைய போனில் 20 படம் இருக்கும். 200 பேரிடம் வாங்கி 20 பேரை மட்டும் அனுப்பியிருந்தாலும் அதே 20 படம்தான் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டாத படத்தை வைத்து நீங்கள் என்ன முடிவுக்கு வரமுடியும்? விமான நிலையத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்தவனை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

நான் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பிக்கிறவன். எங்கள் பிள்ளைகள் போலிகளின், அதாவது சரிபோலத் தோன்றும் பிழையான வாதங்களின், பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பார்கள், வரைவிலக்கணம் எழுதி ஏ எடுப்பார்கள். அடுத்த மாதம் வட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்துக்குப் பாஸ்போர்ட் பிரதி அனுப்புவார்கள். கடந்தகால வினாத்தாளில் இல்லாத எதையும் வகுப்பில் தொட்டால், “சேர், இது வருமா?” என்று கேட்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அதுவும் இந்தப் பாடத்தை எடுத்தவர்களுக்குத்தான் அந்த அளவாவது கிடைக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓயாமல் சொல்வது “தெரிந்த ஆள்” பற்றி. பெரிய ஏஜென்சிக்காரன் உங்கள் வீட்டுக்கு வரமாட்டான். வருகிறவர் கோயிலில் கண்டவர், மைத்துனரோடு படித்தவர், ஊர்க்காரர். அவருக்கு அலுவலகம் இல்லை, காசு வாங்கி மேலே கொடுக்கிற கைதான் அவர். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கும், மகன் போனாலும் போகாவிட்டாலும். மைத்துனர் அவரை நல்ல மனிதர் என்கிறார். இருக்கட்டும், அவர் நல்லவராகவே இருக்கட்டும். நல்ல மனிதர் என்பதிலிருந்து வேலை உண்மையானது என்று எப்படிப் பெறுவீர்கள்? மேலே இருப்பவன் அவரையும் சேர்த்து ஏமாற்றலாம். இப்படியான விவகாரங்களில் அநேகமாகக் கடைசியில் இரண்டு குடும்பம் முகம் பார்க்காமல் போவதுதான் மிச்சம். மேலே இருந்தவன் யாரென்றே தெரியாது.

விசிட் வீசாக் கதை ஒன்றே போதும், நிறுத்துவதற்கு. ருமேனியாவில் வேலைக்கு எடுப்பதென்றால், அங்குள்ள முதலாளி முதலில் அந்நாட்டுக் குடிவரவுப் பணிமனையில் வேலை அனுமதி எடுக்கவேண்டும். அதை வைத்து மகன் இங்கிருந்தே நீண்டகால வேலை வீசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தூதரகம் கொடுக்கலாம், மறுக்கலாம். வீசா கொடுப்பது ஏஜெண்டின் கையில் இல்லை. “போய் மாற்றலாம்” என்கிறவர் இந்த இரண்டு படியையும் தாண்டச் சொல்கிறார். மகன் அங்கே பிடிபட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் அந்த 5 இலட்சம். “கட்டினது வீணாகிவிடுமே” என்ற எண்ணம்தான் நகையை அடகுக் கடைக்கு இழுக்கிறது. போன காசு போனதுதான். இப்போது கேட்கவேண்டியது, இனிக் கட்டப்போகும் 13 இலட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும். ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்த 5 இலட்சம் இன்னும் திரும்பி வரக்கூடிய காசாக இருந்தால், அது போன காசு அல்ல, அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். பற்றுச்சீட்டு இருக்கிறதா? அதில் எதற்காக வாங்கினார் என்று எழுதியிருக்கிறதா? வீசா கிடைக்காவிட்டால் திருப்பித் தருவதாக எங்காவது கையெழுத்து உண்டா? இருந்தால், மிச்சத்தைக் கட்டுவதால் அந்த உரிமை பலப்படுமா, பலவீனப்படுமா என்று பாருங்கள். அநேகமாகப் பலவீனப்படும். முழுக் காசும் கைக்கு வந்த பிறகு உங்கள் போனை எடுக்க அவருக்கு என்ன தேவை? ஒருவேளை “மிச்சத்தைக் கட்டாவிட்டால் முற்பணம் திரும்பாது” என்று நீங்களே கையெழுத்து வைத்திருந்தால் கதை வேறு. அப்போதுகூட 5ஐக் காப்பாற்ற 13ஐப் போடுவதா என்ற கேள்வி நிற்கும். ஆனால் அதற்கு ஒரு சட்டத்தரணி அந்தத் தாளைப் பார்க்கவேண்டும், நான் பார்த்துப் பயனில்லை. கையில் தாளே இல்லையென்றால் இந்தப் பந்தி முழுவதும் உங்களுக்கு இல்லை.

நாளைக்கே செய்யவேண்டியது இது. ஆள் அனுப்பும் தொழில் செய்ய, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏஜென்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் அவரிடம் கேளுங்கள். வாங்கிக்கொண்டு 1989க்கு அழையுங்கள், அல்லது பத்தரமுல்லை கொஸ்வத்தையில் உள்ள பணியகத்துக்கே போங்கள். அவர் தரும் நம்பருக்கு அழைத்துச் சரிபார்த்தால் அது மறுபடியும் 8, 10, 12. இரண்டு கேள்வி கேளுங்கள்: ஏஜென்சியின் அனுமதி இன்றைக்குச் செல்லுபடியாகிறதா? ருமேனியாவில் இந்த வேலைக்கு ஆள் எடுக்க அவர்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? சுவரில் பிரேம் போட்டு மாட்டிய பத்திரம் முதல் கேள்விக்கே முழுப் பதில் அல்ல.

அலையவேண்டி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி, ஆனால் தமிழில் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரும்படி ஓர் அலுவலகத்தில் என்னிடமே சொன்னார்கள். ஏமாற்றுகிறவனுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி போதும், ஏமாந்தவனுக்கு மூன்று பிரதி, இரண்டு பயணம், ஒரு மொழிபெயர்ப்பு.

ஒன்று: இவர் பொய்க்காரர் என்று தெரிந்தால், ருமேனியா வேலையே பொய் என்று மகனை உடைத்துவிடாதீர்கள். அதுவும் பிழையான முடிவுதான். அங்கே வேலை இருக்கிறது, நேரான வழியில் போனவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காசோடு போகவேண்டாம். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கப் போங்கள். அடுத்தவருடைய பாஸ்போர்ட்டைப் பிணையாகப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. தர மறுத்தால் அன்றைக்கே பொலிஸிலும் பணியகத்திலும் முறைப்பாடு கொடுங்கள். அதற்கு முன்னர் வட்ஸ்அப் உரையாடலையும் வங்கித் துண்டையும் பிரதி எடுத்து மகளிடம் கொடுத்து வையுங்கள். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த ஆளைத் தெரிந்தவர் அவர்தானே.