ரத்தம் கக்கும் பறவையா?

கேள்வி: 'ஹொதொதொகிசு' என்ற ஜப்பானியப் பறவைப் பெயருக்கு 'ரத்தம் கக்குவது' என்று பொருள் என்றும், அதனால்தான் காசநோயாளியான கவிஞர் ஷிகி அதைப் புனைபெயராகக் கொண்டார் என்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதானா?

பதில்: முன்பாதி தவறு; பின்பாதி அரைகுறை. கரைவதைக் கேட்டு நாம் காக்கை என்றதைப் போல, குயிலினத்தைச் சேர்ந்த இப்பறவையின் கூவலே அதன் பெயராயிற்று. இறுதியிலுள்ள 'சு', காக்கைக்கு வழங்கும் 'கராசு', கதிர்க்குருவி வகையொன்றுக்கு வழங்கும் 'உகுயிசு' போன்ற பெயர்களிலும் காணப்படும் விகுதி. இதில் ரத்தத்துக்கு இடமே இல்லை.

ரத்தம் சீனத்திலிருந்து வந்தது. ஷு நாட்டு மன்னன் தூ யூ, இறந்தபின் குயிலாகி, ரத்தம் கசியும்வரை கூவினான் என்பது அங்குள்ள பழங்கதை. பறவையின் வாயினுள் செக்கச்செவேலென்று இருப்பது அக்கதைக்குத் துணைநின்றது. குயிலைக் குறிக்கும் சீன எழுத்துகளைப் பெற்றுக்கொண்ட ஜப்பானியர், அவற்றின் ஒலியைப் பொருட்படுத்தாமல், பொருளை மட்டும் கொண்டு தம் பறவையின் பெயராலேயே படித்தனர். ஆகவே, அம்மன்னனின் பெயரை எழுதினாலும் ஹொதொதொகிசு. 'திரும்பிப் போவதே மேல்' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை எழுதினாலும் ஹொதொதொகிசு. 'காலப் பறவை' என்று எழுதினாலும் அதுவேதான். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி எழுத்துமுறை. கோடைத் தொடக்கத்தில் வந்துசேரும் இப்பறவையின் குரல் நாற்று நடவுக்குரிய காலத்தை உணர்த்தியது. நீ கூவுவதால்தானே நான் நடவு நட வேண்டியிருக்கிறது என்று வயலில் பெண்கள் அதை ஏசிப் பாடியதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரசவைப் பெண்மணி செய் ஷோனகோன் எழுதிவைத்திருக்கிறார். ரத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்ட கட்டுரையாளர் இந்த வயற்காட்டை முழுவதுமாகத் தவறவிட்டுவிட்டார்.

இனி, மசவோகா ஷிகி. 1889-ஆம் ஆண்டு ரத்தம் கக்கியபோதுதான் அவர் இப்பெயரைச் சூட்டிக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் அவர் தேர்ந்த இரண்டு எழுத்துகளைப் பறவையாகப் படித்தால் ஹொதொதொகிசு என்றும், சீனவழி ஒலிப்பில் படித்தால் ஷிகி என்றும் வரும். அவர் கொண்டது இரண்டாவதை. அதாவது, ஜப்பானியப் பெயரின் பொருளை அன்று, சீனக் கதையின் நிழல் படிந்த எழுத்துகளை. மற்றொரு ஒலிப்பும் வீணாகிவிடவில்லை: 1897-இல் அவருடைய ஊரான மாத்சுயாமாவில் தொடங்கிய ஹைக்கூ இதழுக்கு, அவர் பெயரையொட்டியே, சீன எழுத்துகளை விடுத்து ஜப்பானிய அசையெழுத்துகளில் 'ஹொதொதொகிசு' என்று பெயரிட்டார்கள்.