மாநிலம் வரியைக் குறைத்தது, கவுண்டி வரி ஏன் ஏறியது?

கேள்வி: டெக்சஸ் ஃபிரிஸ்கோவில், காலின் கவுண்டிப் பக்கம் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி), 2019-இல் வாங்கிய வீட்டில் குடியிருக்கிறோம். குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் ஒரு பகுதிக்கு வரி போடாமல் விடும் ஹோம்ஸ்டெட் விலக்கை 1,40,000 டாலராக உயர்த்திவிட்டார்கள், வரி குறையும் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டின் சந்தை மதிப்பும் இந்த முறை இறங்கியிருக்கிறது. ஆனால் பில்லில் பள்ளி வரி அப்படியே இருக்கிறது, கவுண்டி வரி 8 சதவீதம் ஏறியிருக்கிறது. 3.5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருப்பதாக நண்பர் சொல்கிறார். கவுண்டி ஏமாற்றுகிறதா? இதற்கிடையில், கட்டணம் கட்டினால் விலக்கு வாங்கித் தருகிறோம் என்று ஒரு கடிதமும் வந்திருக்கிறது. கட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். ஹோம்ஸ்டெட் விலக்குக்கு, வீடுகளுக்கு மதிப்புப் போடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஒரு சென்ட் கூட வாங்குவதில்லை. படிவம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது, பத்து நிமிட வேலை. நீங்களோ ஏற்கெனவே விலக்கு வாங்கியவர். ஒருமுறை கிடைத்த விலக்கு, அந்த வீட்டில் குடியிருக்கும் வரை தொடரும். 1,40,000 ஆனதும் தானாகவே கணக்கில் ஏறிவிட்டது.

சரி, கவுண்டிக்கு வருவோம். அது ஏமாற்றவில்லை. சட்டமன்றம் கொடுத்த சலுகை உங்கள் பில்லில் ஒரே ஒரு இனத்துக்கு மட்டும்தான். அந்த இனத்தில் பள்ளி மாவட்டத்தின் பெயர் இருக்கும்.

டெக்சஸ் மாநில அரசுக்கென்று சொத்து வரியே கிடையாது, அரசமைப்பே அதைத் தடுக்கிறது. பள்ளி, கவுண்டி, நகரம், கல்லூரி என்று உள்ளூர் அமைப்புகள்தான் வசூலிக்கின்றன. 2023 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி 40,000-ஐ 1,00,000 ஆக்கினார்கள். 2025 நவம்பரில் 1,40,000. இரண்டுமே பள்ளி வரிக்கான விலக்கு. அதனால் பள்ளிகளுக்கு விழும் துண்டை மாநிலம் தன் கஜானாவிலிருந்து நிரப்புகிறது. கவுண்டிக்கு அந்த ஏற்பாடு இல்லை. கவுண்டி தன் பங்குக்கு விலக்கு தரலாம், 20 சதவீதம் வரை. ஹாரிஸ், டாலஸ், டிராவிஸ் மூன்றும் 20 தருகின்றன. உங்கள் காலின் 5 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் அதன் வரி விகிதமும் குறைவு, 100 டாலருக்குச் சுமார் 15 சென்ட்.

இப்போது கணக்கு. நீங்கள் அனுப்பிய பில்லை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். 2024-இல் சந்தை மதிப்பு 5,75,000. ஆனால் வரி போட்டது 5,00,000-க்குத்தான். காரணம், குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற உச்சவரம்பு. பெருந்தொற்றுக் காலத்தில் விலை தாறுமாறாக ஏறியபோது உங்களைக் காப்பாற்றியது அதுதான். 2025-இல் சந்தை மதிப்பு 5,40,000 ஆக இறங்கியது. வரி மதிப்போ இன்னும் கீழே 5,00,000-இல் நிற்கிறது. 10 சதவீதம் ஏறினால் 5,50,000 வரை போகலாம், ஆகவே அது ஓடிவந்து 5,40,000-ஐப் பிடித்துக்கொண்டது. சந்தை மதிப்பு 35,000 இறங்க, வரி மதிப்பு 40,000 ஏறியது. பில் வந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான்.

பள்ளி வரியில் விலக்கு 40,000 ஏறியது, மதிப்பும் 40,000 ஏறியது. போன ஆண்டும் 4,00,000-க்கு வரி, இந்த ஆண்டும் 4,00,000-க்கு வரி. விலக்கு உயர்ந்திராவிட்டால் இன்னும் ஒரு 400 டாலர் கூடக் கட்டியிருப்பீர்கள். சலுகை வந்தது, வந்த வழியிலேயே கரைந்தது. கவுண்டி வரியில் கரைக்க எதுவும் இல்லாததால் ஏற்றம் அப்படியே தெரிகிறது: சுமார் 712 டாலர் இப்போது 770 ஆகியிருக்கிறது. நீங்கள் சொன்ன 8 சதவீதம் இதுதான்.

உங்கள் நண்பர் சொன்ன 3.5 சதவீதம் உண்மையில் இருக்கிறது. 2019-இல் வந்த செனட் மசோதா 2. அதற்கு முன் 8 ஆக இருந்தது. ஆனால் அது உங்கள் வீட்டு பில்லுக்கான வரம்பு இல்லை. போன ஆண்டு இருந்த சொத்துகள் எல்லாவற்றிலிருந்தும் நிர்வாகச் செலவுக்காகக் கவுண்டி திரட்டும் மொத்தத் தொகைக்கான வரம்பு. அதைத் தாண்ட வேண்டுமானால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். மொத்தம் ஏறாமலேயே உங்கள் பங்கு ஏறலாம். பக்கத்து வீட்டுக்காரர் 2023-இல் வாங்கியவர் என்றால் அவருடைய வரி மதிப்பு சந்தையோடு சேர்ந்து இறங்கியிருக்கும், உங்களுடையது ஏறியிருக்கும். அவர் 6 சதவீதம் குறைவாகக் கட்டுகிறார், நீங்கள் 8 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடும். வருமானத்துக்கு வரம்பு போடுவதும் அங்கேதான், செலவை ஏற்றி வைப்பதும் அங்கேதான். 48 கைதிக்கு ஒரு காவலர் இருக்க வேண்டும் என்பது மாநில விதி, சம்பளம் கொடுப்பது கவுண்டி. குற்றம் சாட்டப்பட்ட, வசதியில்லாதவருக்கு வக்கீல் வைத்துத் தர வேண்டும், அதிலும் பெரும்பங்கு கவுண்டியுடையது. மனநலம் சரியில்லாததால் விசாரணையை எதிர்கொள்ள முடியாதவர் என்று நீதிமன்றம் சொன்ன கைதியை மாநில மருத்துவமனை எடுத்துக்கொள்ள வேண்டும். படுக்கை இல்லை என்பார்கள். மாதக்கணக்கில் அவர் கவுண்டிச் சிறையிலேயே கிடப்பார், சோறும் மருந்தும் கவுண்டிக் கணக்கு. மாநிலம் முழுவதும் அப்படிக் காத்திருப்போர் 2,000 பேரைத் தாண்டிய காலம் உண்டு. முழு ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினர் வீட்டுக்குச் சொத்து வரியே இல்லை என்றது மாநிலம். நியாயமான சலுகைதான். ஆனால் ஃபோர்ட் ஹூட் முகாமை ஒட்டிய பெல் கவுண்டி போன்ற இடங்களில் அதனால் விழும் துண்டில் ஒரு பகுதியைத்தான் மாநிலம் திருப்பித் தருகிறது. மிச்சம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையில். பெயர் அங்கே, பில் இங்கே. 2025 சிறப்புக் கூட்டத்தொடரில் அந்த 3.5-ஐ இன்னும் குறைக்கப் பார்த்தார்கள். இரு அவைகளும் ஒத்துப்போகாததால் நின்றுவிட்டது. 2027 ஜனவரியில் மறுபடி ஆரம்பிப்பார்கள், பாருங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஏப்ரலில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து மதிப்பு நோட்டீஸ் வரும். மே 15-க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் ப்ரொடெஸ்ட், அதாவது ஆட்சேபம், போடலாம். இலவசம், ஆன்லைனிலேயே முடியும். ஜனவரி 1 நிலவரப்படி அக்கம்பக்கத்தில் விற்ற மூன்று நான்கு வீடுகளின் விலையும், உங்கள் கூரை, அஸ்திவார விரிசல் போட்டோக்களும் இருந்தால் போதும். உங்கள் விஷயத்தில் சந்தை மதிப்பும் வரி மதிப்பும் இப்போது ஒன்றாகிவிட்டதால் ப்ரொடெஸ்ட் போட்டுக் குறைக்கும் ஒவ்வொரு டாலருக்கும் பலன் உண்டு.

ஆனால் 2024-இல் போட்டிருந்தால்? 5,75,000-ஐ 5,50,000 ஆகக் குறைத்திருந்தாலும் 2024 பில்லில் ஒரு சென்ட் குறைந்திருக்காது, வரி 5,00,000-க்குத்தானே. இங்கேதான் உங்களுக்காக ப்ரொடெஸ்ட் போட்டுத் தரும் ஏஜென்டுகளின் வித்தை. ‘சேமித்த வரியில் 30 அல்லது 40 சதவீதம் கொடுத்தால் போதும்’ என்று கையெழுத்து வாங்குவார்கள். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் பாருங்கள். சேமிப்பைச் சந்தை மதிப்பு இறங்கியதை வைத்துக் கணக்குப் போடுகிறார்களா, வரி உண்மையில் குறைந்ததை வைத்தா? முதல் வகையானால், மிச்சமே ஆகாத பணத்துக்குக் கமிஷன் கட்டுவீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படி இரண்டு ஆண்டு கட்டியிருந்தார். நேர்மையான ஏஜென்டுகளும் இருக்கிறார்கள், மாநில உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விலக்கு தொடரும் என்றேன், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2023-இல் வந்த சட்டப்படி, நீங்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் சரிபார்க்க வேண்டும். அதற்காகக் கடிதம் வரலாம். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத காகிதம் மாதிரி இருக்கும். பணம் கேட்கும் போலிக் கடிதமோ சிவப்பு எழுத்து, பருந்துப் படம், ‘கடைசி அறிவிப்பு’ என்று பார்க்க அரசாங்கக் கடிதத்தைவிட அரசாங்கமாக இருக்கும். ஆட்கள் போலிக்குக் காசோலை எழுதிவிட்டு அசலைக் குப்பையில் போடுகிறார்கள்! பதில் போகாவிட்டால் விலக்கு ரத்தாகும், 10 சதவீத உச்சவரம்பும் கூடவே போகும். பதில் அனுப்பும்போது ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரி இந்த வீட்டு முகவரியாக இருக்கட்டும். பழைய அபார்ட்மென்ட் முகவரியிலேயே உரிமத்தை வைத்துக்கொண்டு மாட்டியவர்கள் நிறைய. எச்1பி விசாவில் இருப்பவர்கள் தங்களுக்கு விலக்கே கிடையாது என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். அந்தப் படிவத்தில் முக்கியம் நீங்கள் குடியிருக்கும் வீடா என்பதும் உரிமத்தின் முகவரியும்தான்.

கவுண்டி மீது கோபம் தீராவிட்டால் அதற்கும் இடம் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் கமிஷனர்ஸ் கோர்ட் பட்ஜெட், வரி விகிதம் பற்றிப் பொது விசாரணை நடத்தும். பெயர்தான் கோர்ட், உட்கார்ந்திருப்பது கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும். மூன்று நிமிடம் பேச விடுவார்கள். 5 சதவீத விலக்கை ஏன் 20 ஆக்கவில்லை என்று கேளுங்கள், அது அவர்கள் கையில் இருக்கிறது. நான் போனபோது கூட்டத்தில் ஊழியர்களைத் தவிர்த்து நான்கு பேர் இருந்தோம். ஒருவர் ஏசிக்காக வந்திருந்தார்.